பேஜருக்கு ஏடுபுரட்டி: 'பக்கமாக்கி' ஏன் பொருந்தாது

நண்பர்களுக்கு வணக்கம்.

நீண்ட உரையைத் திரை திரையாக நிறுத்திக் காட்டும் லெஸ், மோர் போன்ற நிரல்களின் பொதுப்பெயர் பேஜர். நாம் தமிழில் எழுதும் வழிகாட்டியில் அதற்குப் 'பக்கமாக்கி' என்று முடிவாகிவிடும் போலிருக்கிறது. அதற்கு முன் ஒரு நிமிடம். என் பரிந்துரை: ஏடுபுரட்டி.

'பக்கமாக்கி' நல்ல சொல்தான். ஆனால் அந்த வேலையைச் செய்ய யூனிக்ஸ் இயங்குதளத்தில் வேறொரு பழைய கட்டளை இருக்கிறது. பிஆர் என்று பெயர். கோப்பை அச்சுக்காக 66 வரிப் பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தலையிலும் தேதியும் கோப்பின் பெயரும் பக்க எண்ணும் போடும். பக்கமாக்குவது அதுதான். லெஸ் எதையும் பிரிப்பதில்லை. திரை கொள்கிற அளவுக்குக் காட்டுகிறது, அவ்வளவே.

இன்னொரு சிக்கலும் உண்டு. மற்றக் கட்டளைகளின் விளக்கத்தைத் தரும் மேன் கட்டளை காட்டுவதைக் கையேட்டுப் பக்கம் என்கிறோம். நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் பேஷ் நிரலின் கையேட்டுப் பக்கம் ஒன்றே ஆயிரக்கணக்கான வரிகள். அதைப் படிப்பவரிடம் 'அடுத்த பக்கத்துக்கு ஸ்பேஸ்பாரை அழுத்தவும்' என்றால் எந்தப் பக்கம் என்று குழம்புவார். திரை நிறையக் காணும் வரிகளுக்குத் தனியாக ஒரு சொல் வேண்டும். அதற்குத்தான் 'ஏடு'.

ஐயா, பேஜருக்கு நீங்கள் சொன்ன 'திரைமடை'யை இரண்டு நாள் மனத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்கு அனுப்பும் குழாய்க்குறி வழியே பாய்ந்து வருவதைத் தேக்கி, கேட்கும்போது திறந்துவிடுவது என்ற எண்ணம் அழகு. 1978இல் பெர்க்கிலியில் டேனியல் ஹால்பர்ட் எழுதிய மோருக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் மார்க் நூடல்மன் 1980களில் லெஸ்ஸை எழுதியதே படித்ததற்குத் திரும்பிப் போகத்தான். மடை தாண்டிய தண்ணீர் திரும்பாதே!

போன வாரம் வகுப்பில் ஒரு மாணவி கட்டளை நிரல்கள் இருக்கும் யுஎஸ்ஆர்-பின் அடைவில், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் ஹைஃபன் எல் கொடுத்தாள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள் சரசரவென்று ஓடி, டபிள்யூ, எக்ஸ், இசட்டில் தொடங்கும் பெயர்கள் மட்டும் திரையில் நின்றன. அவள் தேடியது கோப்பைச் சுருக்கும் ஜிஜிப்பை. அதே கட்டளைக்குப் பின்னால் குழாய்க்குறி போட்டு லெஸ் என்று சேர்க்கச் சொன்னேன். இப்போது முதல் வரியிலேயே நின்றது. ஸ்பேஸ்பாரைத் தட்டித் தட்டிப் போனவள், ஜிஜிப்பைத் தாண்டிவிட்டு, "பின்னாடி புரட்ட முடியுமா சார்?" என்றாள். பி விசையைக் காட்டினேன். அவள் வாயில் தானாக வந்த வினை 'புரட்டு'. நாம் தேடிக்கொண்டிருந்த சொல் அதுதான் என்று அப்போதே பட்டது.

'புரட்டு என்றால் பித்தலாட்டமும்தானே' என்று நம் குழுவில் ஓர் அம்மா கேட்டிருந்தார். தனியாக நின்றால் அந்தப் பொருள் வரும், உண்மை. அதனால்தான் வெறும் 'புரட்டி' வேண்டாம் என்கிறேன். 'ஏட்டைப் புரட்டிப் பார்த்தேன்' என்று சொன்னால் யாரும் பித்தலாட்டத்தை நினைப்பதில்லை. ஏடு முன்னால் வந்ததும் பொருள் கட்டுப்பட்டுவிடுகிறது. 'புரட்டி' வினையெச்சம் போல ஒலிக்கிறது என்றும் தயங்க வேண்டியதில்லை. வழிகாட்டி, நாட்காட்டி எல்லாம் அதே அச்சில் வார்த்தவைதான்.

லெஸ், மோர் என்ற கட்டளைப் பெயர்களைத் தொட வேண்டாம்; தட்டச்ச வேண்டியவை அவை. எந்தப் பேஜரை இயக்குவது என்று குறித்துவைக்கும் பேஜர் என்ற சூழல் மாறியின் பெயரும் அப்படியே இருக்கட்டும். வழிகாட்டியில் இப்படி எழுதிப் பாருங்கள்:

'பட்டியல் நீளமாக இருந்தால் அதை ஏடுபுரட்டிக்கு அனுப்பவும். அடுத்த ஏட்டுக்கு ஸ்பேஸ்பார், முந்தைய ஏட்டுக்கு பி, வெளியேற கியூ.'

வாய்விட்டுப் படித்து, எங்காவது நெருடினால் எழுதுங்கள்.