மறு: போஸ்ட்கிரெஸ் ஆவணம் – 'அப்கிரேட்' என்பதற்கு எந்தச் சொல்?

நண்பர்களுக்கு வணக்கம். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் ஆவணத்தைத் தமிழில் எழுதும்போது, சிறு பதிப்பு மாற்றத்துக்கும் பெரிய பதிப்பு மாற்றத்துக்கும் ('அப்கிரேட்') என்ன சொல் போடலாம் என்ற கேள்விக்கு என் பதில் இது. முந்தைய மடல்களில் வந்த கருத்துகளை மேற்கோளாக வைத்திருக்கிறேன்.

> இரண்டுக்கும் 'மேம்படுத்தல்' என்றே போட்டுவிடலாமே. இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

போஸ்ட்கிரெஸில் இது ஒத்துவராது. பதிப்பு 15.4-லிருந்து 15.8-க்குப் போக (சிறு பதிப்பு மாற்றம்), புதிய தொகுப்பை நிறுவி வழங்கியை நிறுத்தித் தொடங்கினால் போதும். தரவைத் தொட வேண்டியதில்லை. 15-லிருந்து 17-க்குப் போவது (பெரிய பதிப்பு மாற்றம்) அப்படியல்ல. உள் அட்டவணைகளின் அமைப்பே பெரிய பதிப்புகளுக்கிடையே மாறுவதால், 15 எழுதிய தரவுக் கோப்புறையைக் காட்டினால் கோப்புகள் பொருந்தவில்லை என்று சொல்லி 17 தொடங்காமலே நின்றுவிடும்.

டெபியன் இயங்குதளத்தில் குழப்பம் இன்னும் கூடுகிறது. அங்கே மென்பொருள் நிறுவும் கருவி ஆப்ட். ஆப்ட் 'அப்டேட்' கட்டளை தொகுப்புப் பட்டியலை மட்டும் புதுப்பிக்கும், எதையும் நிறுவாது. ஆப்ட் 'அப்கிரேட்' செய்வதோ போஸ்ட்கிரெஸ் கணக்கில் வெறும் சிறு பதிப்பு மாற்றம். டெபியன் 12-லிருந்து 13-க்கு மாறியவர் கணினியில் உள்ள போஸ்ட்கிரெஸ் கிளஸ்டர்களைப் பட்டியலிடும் பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் கட்டளையை அடித்துப் பார்த்தால் இரண்டு வரி வரும்: பதிப்பு 15, 'மெயின்' என்ற பெயரில், போர்ட் 5432-இல்; பதிப்பு 17, அதே பெயரில், போர்ட் 5433-இல். புதியது காலியாக ஓடிக்கொண்டிருக்கும். செயலிகள் எல்லாம் பழைய 15-ஐயே கேட்டுக்கொண்டிருக்கும். அந்தக் காலி 17-ஐ நீக்கிவிட்டு பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் ஓட்டினால்தான் தரவு புதியதற்கு வரும். நம் ஆவணத்தில் "மேம்படுத்திய பின்" என்று மட்டும் இருந்தால், இதில் எந்தக் கட்டம் என்று படிப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

> 'இடம்பெயர்ப்பு' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே?

அதை வேறொரு தரவுத்தளமான ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு வருவது போன்ற வேலைக்கு வைத்துக்கொள்வோம். பெரிய பதிப்பை மாற்றும் கருவியான பிஜி_அப்கிரேடை 'லிங்க்' முறையில் ஓட்டினால் தரவுக் கோப்புகள் நகலாவதுகூட இல்லை. ஒரே கோப்புக்கு இரண்டு கோப்புறைகளிலும் பெயர் இருக்கும், அவ்வளவுதான். எதுவும் இடம்பெயராத வேலைக்கு அந்தப் பெயர் தவறு.

'முதலெண் மாற்றம்' என்ற பரிந்துரையும் நிற்காது. 2017-இல் பதிப்பு 10 வந்த பிறகுதான் முதல் எண் பெரிய பதிப்பைக் குறிக்கிறது. அதற்கு முன் 9.5-லிருந்து 9.6-க்குப் போவதும் இதே பெரிய வேலைதான்.

'பதிப்பேற்றம்' எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் 'பதிவேற்றம்' பக்கத்திலேயே இருக்கிறது. காப்புக் கோப்பை வேறு வழங்கிக்குப் பதிவேற்றிவிட்டுப் பதிப்பேற்ற வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். திரைபடிப்பான் வழியாகக் கேட்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே விழும். எதிர்ச்சொல் தேடினால் 'பதிப்பிறக்கம்', அது 'பதிவிறக்கம்' மேல் போய் முட்டும்.

என் பரிந்துரை: பதிப்புயர்வு. வினையாக, பதிப்புயர்த்து. விலை உயர்வு, பதவி உயர்வு என்று தினமும் சொல்லும் அமைப்புதான், விளக்கம் தேவைப்படாது. "பதிப்புயர்த்தும் முன் காப்பு எடுக்கவும்" என்று கட்டளை வரியிலும் இயல்பாக உட்காரும். சிறு பதிப்பு மாற்றத்துக்கு 'இற்றைப்படுத்தல்' அப்படியே இருக்கட்டும்.

எதிர்ச்சொல் இப்போது வேண்டாம். பதிப்பைக் கீழிறக்கும் கருவி போஸ்ட்கிரெஸில் இல்லை. லிங்க் முறையில் புதிய வழங்கியை ஒருமுறை தொடங்கிவிட்டால் பழைய கோப்புறையைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தவும் முடியாது. காப்பிலிருந்து மீட்பதுதான் வழி. அதற்கு 'மீட்டல்' இருக்கிறது.

ஒன்று பாக்கி. 'கிளஸ்டர்' என்பதற்குக் கொத்தணி என்று போட்டிருக்கிறோம். அதைப் படித்தால் பல கணினிகள் என்றே தோன்றும். போஸ்ட்கிரெஸில் அது ஒரே வழங்கியின் கீழ் இருக்கும் தரவுத்தளங்களின் தொகுதி. 'தரவுத்தளத் தொகுதி' என்றால் சரிவருமா? சொல் அமையும் வரை வரைவில் கிளஸ்டர் என்றே விட்டிருக்கிறேன்.

அன்புடன்