பழைய வகுப்பறை மேசைகளை ஃபிஜிக்கு அனுப்பலாமா?

மெல்பர்னில் எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்குப் புது மேசைகள் வந்துவிட்டன. பழையவை நன்றாகத்தான் இருக்கின்றன, தூக்கிப்போட மனசில்லை. ஃபிஜி கிராமப் பள்ளிகளுக்கு அனுப்ப எங்கே தொடங்குவது?

பதில் 1: முதலில் அங்கே கேளுங்கள். 1926-ல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் அங்கே பள்ளிகள் நடத்துகிறது. எந்த வகுப்புக்கு, எவ்வளவு உயரம் என்று விசாரித்துவிட்டு அனுப்பினால் பெரிய பையன்களின் மேசை ஒன்றாம் வகுப்பில் போய் நிற்காது.

பதில் 2: 20 அடி கண்டெய்னரில் சுமார் 33 கன மீட்டர்தான். கால்களைக் கழற்றி அடுக்குங்கள், நட்டு போல்ட்டைப் பையில் போட்டு அந்தந்த மேசையிலேயே ஒட்டிவிடுங்கள். சரக்கை அடுக்கும் மரப் பேலட்டில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (பூச்சி பரவாதபடி மரத்தைப் பதப்படுத்தியதற்கான சர்வதேச அடையாளம்) இருக்கிறதா பாருங்கள்.

பதில் 3: சுவா துறைமுகத்தோடு செலவு முடியாது. பள்ளி வனுவா லெவு என்ற வேறு தீவில் என்றால் இன்னொரு ஃபெர்ரி, அப்புறம் லாரி. அந்தக் காசுக்கு உள்ளூர்த் தச்சரே செய்து தருவாரா என்றும் கேட்டுவிடுங்கள்.