குறுங்கதையில் எந்த வரியை வெட்டினீர்கள்? கடலூர், புதுவை நண்பர்களின் அனுபவங்கள்

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

1906-இல் புதுமைப்பித்தன் பிறந்த ஊரில் இருந்துகொண்டு ஏனோதானோவென்று எழுதக் கூடாது என்ற வீம்பு எனக்கு உண்டு. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் எங்கள் தாத்தாவின் முந்திரித் தோப்பு மொத்தமும் சாய்ந்தது. அதை இரண்டு பக்கக் கதையாக எழுதினேன். காற்றின் ஊளை, வேரோடு பெயர்ந்த மரங்கள், கண்கலங்கிய தாத்தா எல்லாம் இருந்தன. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, "அப்புறம் தாத்தா என்னப்பா பண்ணார்?" என்றார்.

"ராத்திரி காவலுக்குப் போறத மட்டும் விடலைங்க ஐயா."

"இதை ஏம்பா எழுதல?" என்று பென்சிலை என் கையில் கொடுத்தார்.

மிஞ்சியது இவ்வளவுதான்: "தோப்பில் ஒரு மரமும் நிற்கவில்லை. இருட்டியதும் தாத்தா டார்ச்சை எடுத்துக்கொண்டு காவலுக்குக் கிளம்பினார்." முதலில் 'வெறுந்தோப்புக்கு' என்று எழுதியிருந்தேன். அந்த 'வெறும்' என்பதை அடிக்க மூன்று நாள் ஆனது. வாசகர் அழ வேண்டிய இடத்தில் அந்தச் சொல் முந்திக்கொண்டு அழுதுவிடுகிறது.

முத்தியால்பேட்டையிலிருந்து:

நம் மொழியில் சொல்லின் வால் செய்யும் வேலையைச் சொல்லியே ஆகவேண்டும். என் கதையில் ஒருத்தி முதல் வரியில், "அவர் வந்ததும் சாப்பிடலாம்" என்பாள். கடைசி வரியில், "அவன் வந்தா சொல்லு" என்பாள். நடுவில் நடந்த சண்டையை நான் எழுதவே இல்லை. பிரெஞ்சு சொல்லித்தரும் தோழி ஒருத்தி அதை மொழிபெயர்க்க உட்கார்ந்தாள். அவர், அவன் இரண்டுக்கும் அங்கே 'இல்' ஒன்றுதான். கடைசியில் சண்டையை எழுதித்தான் தீரவேண்டியிருந்தது.

இன்னொன்று. குழந்தை சொல்லும் கதையில் 'ராத்திரி அப்பா வந்தார்' என்பதை 'வந்தாராம்' என்று மாற்றிப் பாருங்கள். குழந்தை அப்பாவைப் பார்க்கவில்லை, யாரோ சொல்லித்தான் தெரியும். அந்த 'ஆம்' ஒரு பத்தியை மிச்சம் பிடித்துவிடும்.

கடலூர் முதுநகரிலிருந்து:

கடைசி வரித் திருப்பத்தை நம்பித்தான் ரொம்ப நாள் எழுதினேன். ஒரு பெண் மீன்குழம்பு வைத்துவிட்டுக் கணவனுக்காகக் காத்திருக்கிறாள். 2004 சுனாமியில் அவன் போய்விட்டான் என்பது கடைசி வரியில்தான் தெரியவரும். புதுச்சேரி பஸ்ஸில் அதைப் போனில் வைத்து, வாய்க்குள் படித்துப் படித்துத் திருத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் காலி அன்னக்கூடையை மடியில் வைத்திருந்த மீன்கார அம்மா, "சத்தமாத்தான் படியேம்மா" என்றார். படித்தேன். முள்ளோடை தாண்டும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை.

பிறகு கேட்டார்: "அந்த ஆம்பள இல்லன்னு மொதல்லயே சொல்லியிருந்தா, கொழம்பு கொதிக்கிற வரைக்கும் நானும் அவகூட அடுப்பண்ட குந்தியிருப்பேனே?"

எனக்கு முகம் சுட்டது. ஒரு சாவை ஒளித்துவைத்தது நான். அதனால் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார யாருக்கும் இடமில்லாமல் போயிருந்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்குள் கடைசி வரியைத் தூக்கி முதலில் போட்டேன். இப்போது கதை அடுப்படியிலேயே நிற்கிறது. அவள் உப்புப் பார்க்கிறாள், இரண்டு தட்டு எடுத்து வைக்கிறாள்.