‘ஹை-யீல்ட்’ குறிப்பு: ‘மிகுபயன்’ என்ற சொல்லுக்காக

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மருத்துவ உரிமத் தேர்வுக்குப் படிப்பவர்கள், கொஞ்சம் படித்தாலே தேர்வில் நிறையப் பலன் தரும் குறிப்பை வாய்க்கு வாய் ‘ஹை-யீல்ட்’ (high-yield) என்பார்கள். அதற்குத் தமிழில் ‘உயர்விளைச்சல்’, ‘முக்கியக் குறிப்பு’ என்னும் இரண்டு சொற்கள் நம் சொற்பட்டியலுக்காக இங்கே முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். ‘உயர்விளைச்சல்’ என்றால் எங்கள் பக்கத்தில் செம்பனைக் குலையும், பால் அதிகம் தருவதற்கென்று உருவாக்கப்பட்ட ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ரப்பர் இரகங்களும்தான் நினைவுக்கு வரும். மூலச்சொல்லும் வேளாண்மையில் வழங்குவதுதான் என்றாலும், பாடக்குறிப்போடு அது ஒட்டவில்லை.

‘முக்கியம்’ என்பதில் உள்ள சிக்கல் இதைவிடப் பெரியது. அமெரிக்க உரிமத் தேர்வின் முதற்படிக்குப் படிக்கும் என் அக்காள் மகள், எங்கள் வீட்டு அஞ்சடியில் (முன்தாழ்வாரத்தில்) பாடக்குறிப்பு அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டுவாள். ஓர் அட்டையில் ஃபியோகுரோமோசைட்டோமா என்னும் அட்ரீனல் சுரப்பிக் கட்டி: தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் விட்டுவிட்டு வரும், ஆல்பா தடுப்பான் என்னும் மருந்தை முதலில் கொடுத்த பிறகே பீட்டா தடுப்பான் என்னும் மருந்தைக் கொடுக்க வேண்டும். வரிசை மாறினால், இரத்தக்குழாயைச் சுருக்கும் ஆல்பா விளைவுக்குத் தடையில்லாமல் போய் இரத்த அழுத்தம் எகிறும். இந்தக் காரணம் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மருந்தின் வரிசை, அது மாறினால் வரும் விளைவு, பீட்டா தடுப்பானை மட்டும் கொடுக்கக் கூடாததன் காரணம் என மூன்று விதமாகக் கேட்டாலும் விடை சொல்லலாம். குறைந்த படிப்புக்கு நிறைந்த பலன் என்பதே ‘ஹை-யீல்ட்’டின் உயிர்ப்பொருள்.

ஆனால் இது அரிய கட்டி. ஒரு மருத்துவர் தோட்டப்புற மருந்தகத்தில் ஆயுள் முழுதும் பணியாற்றியும் ஒருவரிடம்கூட இதைக் காணாமல் போகலாம். எலி நடமாடும் செம்பனைக் காட்டில் வேலை செய்பவருக்கு வரக்கூடிய எலிக்காய்ச்சலோ, கண் சிவந்து கெண்டைக்கால் வலியோடு தொடங்கி, முற்றினால் மஞ்சள் காமாலையிலும் சிறுநீரகச் செயலிழப்பிலும் கொண்டுபோய் விடும். முன்னதற்கு மட்டும் ‘முக்கியம்’ என்று பெயர் சூட்டினால், பின்னது முக்கியமில்லை என்றல்லவா படிக்கும் பிள்ளைக்குப் படும்? தேர்வில் கிடைக்கும் பலனைச் சொல்ல வேண்டிய சொல், நோயின் தகுதியைத் தீர்மானிக்கக் கூடாது.

ஆகவே ‘மிகுபயன்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். கனி தரும் மரத்தைத் திருக்குறள் 216ஆம் குறளில் ‘பயன்மரம்’ என்கிறது. விளைவு என்னும் பொருளும் பலன் என்னும் பொருளும் அந்த ஒரு சொல்லிலேயே இருக்கின்றன. ‘மிகுபயன்’ வினைத்தொகை ஆகையால் இடையில் ஒற்று மிகாது. ‘மிகைப்பயன்’ என்று எழுதிவிடக் கூடாது. மிகை என்றால் தேவைக்கு மேற்பட்டது என்று பொருள் மாறிவிடும்.

எதிர்ச்சொல்லாகக் ‘குறைபயன்’ பொருந்தும். இரண்டையும் குறிப்பு, அட்டை, பாடப்பகுதி ஆகியவற்றுக்கு முன் மட்டுமே வழங்க வேண்டும் என்றும், ‘குறைபயன் நோய்’ என எந்த நோயையும் குறிக்கக் கூடாது என்றும் சொற்பட்டியலின் விளக்கத்தில் ஒரு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.