ஸ்னோமொபைல் ஏற்ற ட்ரக் டெக்கா, ட்ரெய்லரா? முதலில் ட்ரக் கதவைத் திறந்து வாசியுங்கள்

கேள்வி

அண்ணாமார், அக்காமார், வாங்க முதல் ஒரு ஆலோசனை வேண்டும். இருப்பது ஸ்காபரோவில், வாடகை டவுன்ஹவுஸ். ட்ரக் நாலு கதவு ஹாஃப்-டன் (பிக்கப்பில் இலேசான வகை), பின்பெட்டி ஐந்தரை அடி. பாவித்த ஸ்னோமொபைல் இரண்டு. ஒன்றின் ட்ராக் (அடியில் சுற்றும் ரப்பர் பட்டி) 137 அங்குலம், மற்றது 154. ஹாலிபேர்ட்டன், மஸ்கோக்கா பக்கம் போக எண்ணம். ட்ரெய்லர் இழுத்துப் பழக்கமில்லை. பெட்டிக்கு மேல் டெக் (தட்டையான ஏற்றுத் தளம்) பூட்டி அதில் இரண்டையும் ஏற்றிவிட்டால் தலையிடி இல்லை என்று படுகிறது. ட்ரக் 4,000 கிலோவுக்கு மேல் இழுக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அப்படியென்றால் இரண்டு ஸ்னோமொபைல் அதற்கு ஒரு பாரமா?

பதில்

தம்பி, அந்த 4,000 கிலோ இழுக்கிற கணக்கு. டெக்கில் ஏற்றினால் வருவது முதுகில் சுமக்கிற கணக்கு. இரண்டும் வேறு வேறு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவு நிலையில் ஒரு ஸ்டிக்கர் தெரியும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அந்த ஆட்களில் ஓட்டுகிற நீங்களும் அடக்கம். நாலு கதவு ஹாஃப்-டன்னில் அது பெரும்பாலும் 650 முதல் 800 கிலோவுக்குள் நிற்கும். ஒரே மொடலில்கூட உள்ளலங்காரம் கூடக்கூட இந்த எண் குறையும். அதனால் இணையத்தில் தேடாமல் உங்கள் கதவையே பாருங்கள்.

இனிக் கூட்டுங்கள். இரண்டு ஸ்னோமொபைல் ஏற்றும் அலுமினிய டெக் சுமார் 200 கிலோ. ஸ்னோமொபைல் விற்பவர் சொல்வது எரிபொருள் இல்லாத நிறை. டாங்கை நிரப்பி, ட்ராக்கிலும் சஸ்பென்ஷனிலும் பனிக்கட்டி ஒட்டியபின் ஒன்றுக்கு 250 கிலோ என்று வையுங்கள், இரண்டுக்கு 500. குளிர் உடுப்போடு இரண்டு பேர் 170. இருபது லீற்றர் பெற்றோல் கான் இரண்டு, 35. ஹெல்மெட், பை, கருவிகள், மண்வெட்டி, 40. மொத்தம் 945 கிலோ. உங்கள் ஸ்டிக்கரில் 750 இருந்தால் கிட்டத்தட்ட 200 கிலோ கூட. பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர்பாக் (காற்றுப் பை) போட்டால் சரியாகிவிடும் என்று ஒருவர் கட்டாயம் சொல்லுவார். ஏர்பாக் ட்ரக்கின் பின்பக்கத்தை மட்டமாக்கும், அவ்வளவுதான். அச்சும் டயரும் பிரேக்கும் பழையதுதானே.

இதைவிட மோசமானது பாரம் விழும் இடம். 154 அங்குல ட்ராக் உள்ள ஸ்னோமொபைல் மூக்கிலிருந்து வால்வரை ஏறக்குறைய 3.3 மீற்றர். உங்கள் பெட்டி 1.7 மீற்றர். மூக்கைக் கேபினோடு ஒட்டி நிறுத்தினாலும் அதன் நடுப்பகுதி பின்கதவுக்கு மேல்தான் வரும்; பின்னச்சோ பெட்டியின் நடுவில் இருக்கிறது. மாட்டுவண்டியில் பின்பாரம் ஏறினால் நுகம் மேலே தூக்குமே, அதே கதைதான். முன்சக்கரத்தில் பாரம் குறைந்து ஸ்டியரிங் இலேசாகும். ஹைவே 11-இல் ஈரப்பனி கிடக்கும்போது இது விளையாட்டில்லை.

ட்ரெய்லரில் அதே இரண்டையும் ஏற்றிப் பாருங்கள். சாய்தளத்தோடு (ஏற்றுவதற்குத் தளமே பின்னுக்குச் சாயும்) வரும் இருவண்டித் திறந்த ட்ரெய்லர் 300 கிலோ அளவில் இருக்கும். ஏற்றினால் 800. ஹிட்சில் (ட்ரக்கின் பின்னால் ட்ரெய்லரைக் கொழுவும் இடம்) விழ வேண்டிய முன்பாரம் அதில் 10 முதல் 15 வீதம், அதாவது 80 முதல் 120 கிலோ. ட்ரெய்லரால் ட்ரக்கின் முதுகு காண்பது அவ்வளவையும், மாட்டும் ஹிட்ச் சாமான்களையும்தான். ஒன்ராறியோவில் ட்ரெய்லரின் மொத்த நிறை 1,360 கிலோவோ அதற்கு மேலோ இருந்தால்தான் அதற்குத் தனி பிரேக் கட்டாயம். உங்களுக்கு அது தேவைப்படாது. லைசென்ஸும் ஜி வகுப்பே (சாதாரண கார் லைசென்ஸ்) போதும். 4,600 கிலோ வரையான ட்ரெய்லரை அதில் இழுக்கலாம்.

ஆகவே உங்கள் ட்ரக்குக்கு டெக் வேண்டாம். ஒரேயொரு ஸ்னோமொபைல் என்றால்கூட ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

பதில் (பி.சி., அதாவது பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து)

மேலே சொன்னது ஒன்ராறியோவுக்குச் சரி. இங்கே ரெவல்ஸ்டோக், கோல்டன், வேல்மவுண்ட் பக்கம் வந்தால் தரிப்பிடத்தில் பாதி ட்ரக்கில் டெக் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் டெக்தான் நல்லது என்று எடுக்க வேண்டாம். இங்கே ஏன் டெக் என்றால் பாதை அப்படி. ஸ்னோ தொடங்கும் இடத்துக்கு மரம் ஏற்றும் காட்டுப் பாதையில் ஏற வேண்டும். ஏற்றத்தில் நின்றுவிட்டால் ட்ரெய்லரோடு பின்னுக்கு இறங்குவது ஆபத்து, எதிரே மரலொறி வந்தால் ஒதுங்க இடமில்லை, மேலே போனாலும் திருப்பும் இடம் ஒரு ட்ரக்கின் நீளந்தான். டெக் உள்ள ட்ரக் நாலு சில்லும் பிடிக்க, பின்னச்சில் பாரத்தோடு, சங்கிலி மாட்டி ஏறிவிடும்.

ஆனால் அந்த ட்ரக்குகளைக் கூர்ந்து பாருங்கள் தம்பி. அனேகமாக எல்லாம் முக்கால் டன் அல்லது ஒரு டன் (ஹாஃப்-டன்னைவிடக் கூடப் பாரம் சுமக்கும் வகை), பெட்டி ஆறரை அல்லது எட்டு அடி. எட்டடிப் பெட்டியில் பின்னச்சு நன்றாகப் பின்னுக்கு இருப்பதால் பின்பாரம் பெரிதாக வராது.

டெக் எடுக்கிறவர்கள் கேட்க மறக்கும் விஷயம் ராம்ப், அதாவது ஏற்றும் சாய்பலகை. நாலுசில்லு முக்கால் டன்னில் டெக்கின் தளம் நிலத்திலிருந்து ஏறக்குறைய 1.45 மீற்றர். 2.7 மீற்றர் ராம்ப் வைத்தால் சாய்வு 32 பாகை. வீட்டு மாடிப்படி அளவு செங்குத்து. ராம்பின் காலை 60 சென்ரிமீற்றர் உயரப் பனிமேட்டில் வைத்தால் 18 பாகைக்கு இறங்கிவிடும். அதனால்தான் இங்குள்ளவர்கள் ட்ரக்கைப் பனிமேட்டுக்குப் பின்பக்கமாக விடுகிறார்கள். மேடில்லாத இடத்தில் நீங்களே பனியை வெட்டிக் குவித்து, மிதித்து இறுக்கிவிட்டு ஏற்றுங்கள்.

ஏற்றும்போது நடக்கும் விபத்து இரண்டு விதம். ஒன்று, ராம்பை டெக்கோடு பூட்டூசி (பின்) போட்டுப் பூட்டாமல் விடுவது. ட்ராக் ராம்பில் பிடித்ததும் அது ராம்பைப் பின்னுக்கு உதைக்கும். ஸ்னோமொபைல் நடுவில் தொங்கும். மற்றது, பாதியில் பயந்து த்ரொட்டிலைக் கூட்டுவது. மேலே போனதும் நிற்காமல் கேபின் கண்ணாடியில் போய் மோதும். முன் தடுப்புக் கம்பி இல்லாத டெக்கை இலவசமாகத் தந்தாலும் எடுக்க வேண்டாம். ஒரே வேகம், எழுந்து நின்று, உடலை முன்னுக்குச் சாய்த்து. முன்பாரம் தளத்தில் இறங்குவதை உணர்ந்தவுடன் கையை எடுங்கள்.

உயரத்தையும் எண்ணுங்கள். தளம் 1.45, அதன் மேல் ஸ்னோமொபைல் 1.2 அல்லது 1.3. மொத்தம் 2.7 மீற்றர். நிலக்கீழ்ப் பார்க்கிங் பலவற்றின் வாசல் 2.1 மீற்றருக்கு மேல் விடாது. ட்ரைவ்-த்ரூவிலும் மேலே தொங்கும் கம்பியைப் பாருங்கள். அகலம் 2.6 மீற்றருக்குள் அடங்க வேண்டும். டெக்கின் பக்கச் சிறகுகளை விரிக்கும்போது இதை அளந்து பாருங்கள்.

கேள்வி (தொடர்ச்சி)

நன்றி அக்கா, அண்ணா. ஸ்டிக்கரில் 712 கிலோ. டெக் ஆசை முடிந்தது. பாவித்த ட்ரெய்லர் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? றிவேர்ஸ் எடுப்பதுதான் பயம்.

பதில்

முதலில் தளத்தின் அகலம். ட்ரெயிலில் (பனிப்பாதையில்) ஓடும் ஸ்னோமொபைலின் ஸ்கீ (முன் சறுக்குப் பலகை) வெளிவிளிம்பு முதல் விளிம்பு வரை ஏறக்குறைய 48 அங்குலம். இரண்டும் பக்கத்தில் பக்கமாக நின்றால் 96. எட்டடித் தளம் என்றால் சரியாக 96 அங்குலம், விரல் நுழைய இடமில்லை. ஒன்றைக் கொஞ்சம் முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் நிறுத்தினால் சமாளிக்கலாம். 101 அங்குலத் தளம் கிடைத்தால் அதை எடுங்கள். நீளம் 10 அடி போதாது. 154 ட்ராக்குக்கு 12 அடி வேண்டும்.

அடுத்தது சில்லு. பழைய ட்ரெய்லர்களில் 8 அங்குல ரிம் வரும். மலிவுக்குக் காரணமும் அதுதான். அந்தச் சில்லின் மொத்த விட்டம் 16 அங்குலம் அளவு. 100 கிலோமீற்றர் வேகத்தில் நிமிடத்துக்கு 1,300 தடவை சுற்றும். 13 அங்குல ரிம்மில் விட்டம் 24 அங்குலம், சுற்று 870 தான். கூடச் சுற்றினால் பேரிங் கூடச் சூடாகும், உப்புத்தண்ணீர் உள்ளே போயிருந்தால் கிரீஸ் கழுவுப்பட்டு பேரிங் இறுகிவிடும், சில்லு கழன்று போன கதைகள் எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. வாங்கும் இடத்திலேயே ஒரு பக்கத்தை ஜாக்கில் தூக்கி, சில்லைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்றால் பேரிங் போய்விட்டது. மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தாலும் அப்படியே. பேரிங் மாற்றுவது பெரிய செலவில்லை. விலையைக் குறைக்கக் கேளுங்கள். பேரிங் ஓடிய அச்சில் தழும்பு இருந்தால் விட்டுவிட்டு வாருங்கள்.

உதிரிச் சில்லு கட்டாயம். நாலு போல்டா ஐந்து போல்டா என்று பார்த்து அதற்கேற்றதை வாங்குங்கள், ட்ரக்கில் உள்ள நட் கழற்றும் குறடு இதற்குப் பொருந்துமா என்றும் பாருங்கள். பொருந்தாது என்பதை இருட்டில் ஹைவே ஓரத்தில் அறிவது கொடுமை. டயர்க் காற்றைக் குளிரிலேயே பாருங்கள். கராஜில் +20இல் அடித்த காற்று வெளியே −20இல் 7 பிஎஸ்ஐயோ அதற்கு மேலோ குறைந்திருக்கும். காற்றுக் குறைந்த சிறிய டயர்தான் முதலில் வெடிக்கும்.

ஹிட்ச் பந்தின் அளவு கப்ளரின் (பந்தின் மேல் கவிழும் ட்ரெய்லர் முனை) மேலேயே பொறித்திருக்கும்: ஒன்றேழெட்டு (1⅞) அங்குலம் அல்லது இரண்டு. ஒன்றேழெட்டுப் பந்தில் இரண்டங்குலக் கப்ளரைப் போட்டால் பூட்டியது போலத் தெரியும், ஒரு பள்ளத்தில் கழன்றுவிடும். பூட்டியபின் ட்ரெய்லர் ஜாக்கைக் கொஞ்சம் உயர்த்துங்கள். ட்ரக்கின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் சரி. சங்கிலி இரண்டையும் குறுக்காக மாட்டுங்கள். கப்ளர் கழன்றால் ஏர்க்கால் (ட்ரெய்லரின் முன் நீட்டுச் சட்டம்) நிலத்தில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும்.

சாய்தளத்தில் ஏற்றும்போது ட்ரெய்லர் ட்ரக்கில் கொழுவியே இருக்க வேண்டும், கைப்பிரேக்கும் போட்டிருக்க வேண்டும். கொழுவாமல் ஏற்றினால் ஏர்க்கால் ஆகாயத்துக்குப் போகும். தளத்தைப் பூட்டும் பின்னை இழுத்து, அதைச் சாய்த்து, மெல்ல ஏறுங்கள்; நடு அச்சைத் தாண்டியதும் தளம் தானே விழும். விழுந்தவுடன் பின்னைப் போட வேண்டும். இது மறந்தால் முதல் வேகத்தடையிலேயே தளம் திறக்கும். அந்தப் பின் துளையில் தண்ணீர் உறைவது வழக்கம், சிறிய சுத்தியல் ஒன்று ட்ரக்கில் கிடக்கட்டும்.

றிவேர்ஸ் பயத்துக்கு: ஸ்டியரிங்கின் அடியில் ஒரு கையை வையுங்கள். ட்ரெய்லரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையைத் தள்ளுங்கள். குட்டை ட்ரெய்லர் சட்டென்று மடங்கும், ஆகவே பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் ஊரவிடுங்கள். மடங்கத் தொடங்கினால் திருத்த முயலாமல் முன்னுக்கு இழுத்து நேராக்கி மறுபடி வாருங்கள். சரிவரவில்லையா? வெறும் ட்ரெய்லரைக் கழற்றி இரண்டு பேர் கையால் தள்ளித் திருப்பலாம். டெக்கில் இந்த வசதி கிடையாது.

வாடகை வீடு என்றீர்கள். ட்ரைவ்வேயில் ட்ரெய்லர் விட ஒப்பந்தத்தில் இடமிருக்கிறதா, டவுன்ஹவுஸ் நிர்வாகம் விடுமா, நகரசபை விதி என்ன என்பதை வாங்க முதல் கேளுங்கள். ஒன்ராறியோவில் ட்ரெய்லருக்கும் தனிப் பதிவும் தகடும் வேண்டும்; ஒரு முறை எடுத்தால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியதில்லை. விற்பவரின் பதிவுத் தாளில் உள்ள அடையாள இலக்கமும் (VIN) ஏர்க்காலில் பொறித்த அடையாள இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ட்ரெய்லருக்கும் மேலே இருக்கும் ஸ்னோமொபைலுக்கும் சேதம் வந்தால் ட்ரக்கின் காப்புறுதி தருமா என்று தரகரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

பதில்

கட்டுவதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. முன்னுக்கு ஸ்கீக்களின் மேல் குறுக்குக் கம்பி வைத்துத் திருகி இறுக்குவது, பின்னுக்கு பம்பரில் ராட்செட் பெல்ட் போட்டுக் கீழ்நோக்கி இழுப்பது. இரண்டும் வேண்டும். முன்கம்பி மட்டும் போட்டால் வால் துள்ளித் துள்ளிப் பக்கத்து வண்டியில் உரசும். ரப்பர் கொக்கி கட்டுவதில் சேர்த்தியில்லை. மூக்கு எப்போதும் முன்னுக்கே. பின்பக்கமாக ஏற்றினால் காற்று பக்கத் தகடுகளைத் திறந்து பறக்கவிடும். இருபது கிலோமீற்றர் ஓடியபின் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள், ஏனென்றால் ஸ்கீக்கு அடியில் நசிந்த பனி உருகியதும் கம்பி தளரும். அந்த நிறுத்தத்திலேயே இரண்டு சில்லின் நடுவையும் தொட்டுப் பாருங்கள். கைவைக்க முடியாத சூடென்றால் அங்கேயே நிற்பது உத்தமம்.

பதில்

ட்ரெய்லர் விளக்கு வயர் பற்றி ஒரு சிறு குறிப்பு. நாலு பின் பிளக்கில் வெள்ளை எர்த், மண்ணிறம் பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. ஒரு பக்கம் சிக்னல் போட்டால் எல்லா விளக்கும் மங்கலாக மின்னுகிறதா? பல்பை மாற்றாதீர்கள். வெள்ளை வயர் சட்டத்தில் பூட்டிய இடத்தில் உப்பு அரித்திருக்கும். சுரண்டி, புதிய திருகாணி போட்டு, மேலே கிரீஸ் தடவுங்கள். எல்.ஈ.டி. விளக்கு சூடாவதில்லை, ஆகையால் மேலே படியும் பனி தானாக உருகாது. பெற்றோல் அடிக்க நிற்கும்போதெல்லாம் கையுறையால் துடைத்துவிடுங்கள்.