போச்செல்லியை அவர் ஊரிலேயே கேட்ட அனுபவம்

இத்தாலியப் பாடகர் ஆந்திரேயா போச்செல்லியை நேரில் கேட்ட பலரும் இங்கே, பெரிய பெரிய விளையாட்டரங்குகளில் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டது லயாத்திகோவில், இத்தாலியின் டஸ்கனி பகுதியில் அவர் 1958-இல் பிறந்த ஊரில். அங்கே குன்றுகளுக்கு நடுவே தெயாத்ரோ தெல் சிலென்சியோ என்று ஒரு திறந்தவெளி அரங்கம், 2006-இல் தொடங்கியது. வருடத்துக்கு ஒருமுறை கோடையில்தான் கச்சேரி, மற்ற நாளெல்லாம் சத்தமே இருக்காது. பொந்தெதேரா வரை ரயில், அப்புறம் பஸ்.

வந்திருந்த கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் அவருடைய புகழ்பெற்ற பாப் பாட்டு ‘கோன் தே பார்த்திரோ’வுக்காகக் காத்திருந்தார்கள். சான்ரெமோ என்ற இத்தாலியப் பாட்டுப் போட்டி விழாவில், 1995-இல், அந்தப் பாட்டுக்கு நான்காவது இடம்தான். மறு வருடம் ஆங்கிலேயப் பாடகி சாரா பிரைட்மேனுடன் சேர்ந்து அதைப் பாடியது, ஹென்றி மாஸ்கே என்ற ஜெர்மன் குத்துச்சண்டை வீரர் விடைபெற்ற போட்டியில் ஒலித்து, ஜெர்மனியில் விற்பனையில் எங்கேயோ போய்விட்டது. ஆனால் அன்று போச்செல்லி அதைக் கடைசிவரை பாடவில்லை. முதல் பாதி முழுக்க வெர்தி, புச்சினி என்ற இசையமைப்பாளர்களின் ஆப்பரா, அதாவது இசை நாடகப் பாட்டுகள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம் முதலில் போனை நோண்டிக்கொண்டிருந்தது, போகப்போக அவர்களும் அசையாமல் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

குரல் சின்னது, மைக் இல்லாமல் ஆப்பரா மேடையில் எடுபடாது என்று விமர்சகர்கள் ரொம்ப காலமாகச் சொல்கிறார்கள், 1999-இல் டெட்ராய்ட்டில் ‘வெர்தர்’ என்ற ஆப்பராவில் பாடியபோதும் பலர் அப்படித்தான் எழுதினார்கள். குரலின் கனத்தைப் பொறுத்தவரை அதில் நியாயம் உண்டு. ஆனால் குரலை இறக்கி மெதுவாகப் பாடும் இடங்களில் ஒவ்வொரு சொல்லும் அவ்வளவு தெளிவாக வந்து விழுந்தது. பன்னிரண்டு வயதில் பார்வையை முழுசாக இழந்தவர், பீசாவில் சட்டம் படித்துக் கொஞ்ச நாள் வக்கீலாகவும் இருந்தவர், பியானோ பார்களில் பாடிச் சம்பாதித்தவர். 1992-இல் ராக் பாடகர் சுக்கேரோவுக்காகப் பாடிக் கொடுத்த ஒலிப்பதிவைக் கேட்டு, பெரிய ஆப்பரா பாடகரான பாவரோட்டியே பாராட்டினார். 1994-இல் சான்ரெமோவில் புதுமுகப் பிரிவில் ஜெயித்தபோது வயது 35. அதற்குப் பிறகும் ஆப்பராவை விடவில்லை, பாப் பாட்டுக்கு வரும் கூட்டத்தையும் உட்காரவைத்து புச்சினியைக் கேட்க வைக்கிறார். என் கணக்கில் அதுதான் பெரிய சாதனை, விற்ற ஆல்பங்களை விட.

அவரை முழு ஆப்பராவில், மைக் இல்லாமல் கேட்டவர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். வாத்தியங்களைத் தாண்டிப் பின்வரிசை வரை குரல் வந்ததா?