வேப்பமரத்தடியில் எங்களுக்குக் கிடைத்த இளவேனில்

பிள்ளைகளைக் கண்மாய்க் கரைக்கு அழைத்துப்போய்ப் பாடம் நடத்தியதைத் தோழி ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து என் வகுப்பில் நடந்ததையும் சொல்ல வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளி. நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில், மொத்தம் 22 பிள்ளைகள். மாசி மாதம் பருவங்கள் பற்றிய வண்ணப்படம் ஒன்றைத் தேடிப்பிடித்து, அச்செடுத்து, சுவரில் ஒட்டினேன். வசந்தம் என்ற கட்டத்தில் பனி உருகுகிறது, துலிப் பூக்கிறது, கரடி குகையை விட்டு வெளியே வருகிறது. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: “டீச்சர், அப்படியானால் நம் ஊருக்கு வசந்தம் வராதா?”

எனக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலமே படத்தைக் கழற்றிவிட்டேன். ஆண்டை ஆறு பொழுதாகப் பிரித்து, சித்திரைக்கும் வைகாசிக்கும் இளவேனில் என்று பெயர் வைத்த மொழியில் படிக்கிற பிள்ளை அவன். அவனுக்குக் கரடியைக் காட்டியது என் தவறு. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் இலை உதிர்த்துக்கொண்டு நின்றது. மறுநாள் முதல் அதுவே எங்கள் பாடம் என்று முடிவு செய்தேன்.

கேரளத்தில் தொடங்கி, பிறகு நாடெங்கும் பரவிய சீசன்வாட்ச் என்ற திட்டத்தைச் சிலர் அறிந்திருப்பீர்கள். பள்ளிப் பிள்ளைகள் ஒரே மரத்தை வாரந்தோறும் பார்த்து, கொழுந்து, மொட்டு, பூ, காய் ஒவ்வொன்றும் ‘இல்லை’, ‘கொஞ்சம்’, ‘நிறைய’ என்று குறிப்பார்கள். அந்த முறையை என் வகுப்புக்குத் தகுந்தபடி எளிமையாக்கிக்கொண்டேன். பழைய சேலைக் கரையைக் கிழித்து, எட்டுகிற கிளைகளில் ஆளுக்கொரு துண்டு கட்டினோம். அவரவர் கிளைக்கு அவரவர் பொறுப்பு. திங்களும் வியாழனும் காலை உணவு முடிந்ததும் நோட்டோடு மரத்தடிக்குப் போய்விடுவோம்.

முதல் வாரமே ஒரு சிக்கல். “ஆளுக்கு ஓர் இலை எடுத்து வாருங்கள்” என்றேன். எல்லோரும் விரல் நீளத்துக்கு ரம்பப்பல் விளிம்புள்ள ஒன்றைக் கொண்டுவந்தார்கள். “இது இலை இல்லை, இலையின் ஒரு பகுதி” என்றதும் ஒருவரும் நம்பவில்லை. விளக்கம் சொல்லாமல் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். இலை கிளையோடு சேருகிற கணுவில் குட்டி மொட்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். சிற்றிலையின் அடியில் அது இருக்காது. ஒவ்வொரு சிற்றிலையின் காம்பாகத் தேடித் தேடி, கடைசியில் கிளையை ஒட்டி அந்த மொட்டைக் கண்டுபிடித்த சிறுமி, “இங்கேதான் டீச்சர் இலை தொடங்குகிறது!” என்று கூவினாள். அன்றைய கணக்குப் பாடமும் மரத்தடியிலேயே நடந்தது. ஓர் ஈர்க்கில் எத்தனை சிற்றிலை, ஒற்றைப்படையா இரட்டைப்படையா, யாருடையது அதிகம் என்று. கரும்பலகையில் இழுத்துப் பிடித்துச் சொல்லித்தர வேண்டிய ஒற்றை இரட்டையை அன்று அவர்களே போட்டி போட்டுக்கொண்டு எண்ணினார்கள்.

பங்குனி பிறந்ததும் கொழுந்து வந்தது. செம்பு நிறத்தில், வெயில் பட்டால் உள்ளே விளக்கு எரிகிறதோ என்று தோன்றும் அளவுக்கு மெல்லியது. ஆந்தோசயனின் என்ற நிறமிதான் காரணம், சுள்ளென்ற வெயிலிலிருந்து இளம் இலையை அது காக்கிறது என்றேன். “குழந்தைக்குத் தொப்பி போடுவது போலவா?” என்றான் நான்காம் வகுப்புச் சிறுவன். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பின்னால் வந்தவை அரும்புகள். அரசுத் தொடக்கப்பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைகள் உண்டல்லவா? இந்தப் பிள்ளைகளுக்கு ‘அரும்பு’ என்றால் பயிற்சி நூலில் உள்ள ஒரு பெயர், அவ்வளவுதான். மிளகைவிடச் சிறிய பச்சை உருண்டைகளைத் தொட்டுப் பார்த்து, “இதுதான் அரும்பா?” என்று ஒருத்தி கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பூ விரிந்ததும் எண்ணினோம்: வெள்ளை இதழ் ஐந்து, நடுவில் ஒரு சின்னக் குழாய், அதன் வாயில் மகரந்தப் பைகள் பத்து. பத்தையும் எண்ணி முடிக்க அரை மணி நேரம் ஆனது.

வகுப்பில் வாயே திறக்காத ஒரு சிறுமி இருக்கிறாள். பெயர் கேட்டால்கூடத் தலையைக் குனிந்துகொள்வாள். ஒரு வியாழக்கிழமை, குயில் எத்தனை முறை கூவுகிறது என்று கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தோம். திடீரென்று ‘கிக் கிக் கிக்’ என்று வேறொரு சத்தம். என் முந்தானையைப் பிடித்து இழுத்து, அவள் மெதுவாகச் சொன்னாள்: “அதுவும் குயில்தான் டீச்சர். பொம்பளைக் குயில். உடம்பெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும்.” கூவுவது கறுத்த உடம்பும் சிவந்த கண்ணுமுள்ள ஆண் குயில், பெண் குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளியோடு இருக்கும் என்று நான் அடுத்த வாரம் சொல்லித்தருவதாக இருந்தேன். அவள் ஆடு மேய்க்கப் போகிற இடத்தில் தானே பார்த்துத் தெரிந்துவைத்திருக்கிறாள். அந்தப் பாடத்தை அவளையே நடத்தச் சொன்னேன். காக்கைக் கூட்டில் முட்டையிடும் கதையை நின்ற இடத்திலிருந்து அசையாமல் சொல்லி முடித்தாள்.

அரிட்டாபட்டி எங்களுக்குப் பக்கம்தான். 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்த ஊர். ஒரு சனிக்கிழமை பெற்றோர் துணையோடு போய் வந்தோம். பாறையில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டைவிட உச்சியில் வட்டமிட்ட கழுகுதான் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

பூ கொட்டத் தொடங்கியபோது ஒரு பையனின் அப்பத்தாவை அழைத்தேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வந்ததும் மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “டீச்சரம்மா, உலுக்கிப் பூ எடுக்கக் கூடாது. தானாக விழுவதைத்தான் எடுக்க வேண்டும்” என்றார். முதல்நாள் சாயங்காலம் தரையைக் கூட்டி வேட்டியை விரிப்பது, விடிந்ததும் வெயில் ஏறும் முன்பே அள்ளுவது, காம்பு ஆய்வது, நிழலில் உலர்த்துவது என்று ஒவ்வொன்றையும் பிள்ளைகளையே செய்ய வைத்தார். கால் கிலோ பூ காய்ந்தபின் தராசில் 60 கிராம்கூடத் தேறவில்லை. “மீதி எங்கே போனது?” என்ற கேள்வியிலிருந்து நீராவி பற்றிய பாடம் தானாகப் பிறந்தது. நெய்யில் வறுத்து ரசத்தில் போடுவதையும், சித்திரை முதல் நாள் மாங்காய், வெல்லத்தோடு பச்சடி வைப்பதையும் அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். அந்த ஆண்டில் அவர்கள் ஒரு பிழையும் இல்லாமல் எழுதிய முதல் பக்கம் அதுதான்.

நடுவில் மனம் நொந்த ஒரு நாளும் உண்டு. மின்கம்பியில் உரசுகிறது என்று ஒரு விடுமுறை நாளில் ஆள் வந்து ஒரு பக்கக் கிளைகளை வெட்டிப் போட்டுவிட்டார்கள். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சேலைத் துண்டுகளையாவது அவிழ்த்திருப்போம். எட்டுப் பிள்ளைகளின் கிளைகள் போய்விட்டன. வசந்தம் வராதா என்று கேட்டானே, அவன் கிளையும் அதில் ஒன்று. வேறு கிளை தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டான். வெட்டிய கட்டையின் முன்னால் நின்று திங்களும் வியாழனும் குறித்துக்கொண்டே இருந்தான். கொழுந்து: இல்லை. மொட்டு: இல்லை. பூ: இல்லை. நான்கு வாரம் இதே மூன்று வரிகள்.

அழகர் ஆற்றில் இறங்க இரண்டு வாரம் இருக்கும்போது, ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய நாள், நோட்டோடு ஓடி வந்தான். கட்டையின் பட்டையைப் பிளந்துகொண்டு செம்பு நிறத்தில் நான்கைந்து கொழுந்துகள். முதல் கட்டத்தில் ‘கொஞ்சம்’ என்று எழுதி என் கையெழுத்தைக் கேட்டான்.

ஜூனில் அவன் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போகிறான். நோட்டை, பெண் குயிலைப் பற்றிச் சொன்ன அந்தச் சிறுமியிடம் கொடுத்திருக்கிறான். வேப்பம்பழம் விழும்போது எத்தனை என்று அவள் எண்ணிச் சொல்ல வேண்டுமாம்.